குடல் தூய்மைக் கரைசல்கள்: ஓர் ஒப்பீடு

கொச்சிக்கு அருகே பெரியாற்றங்கரையிலுள்ள ஏலூரில் ஃபாக்ட் உர ஆலை 1947ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. அதன் உரங்களுள் பாஸ்பேட் கலந்தவையும் உண்டு. பயிருக்கு ஊட்டமாகும் அப்பாஸ்பேட், சோடியத்துடன் சேர்ந்த உப்பாக மலமிளக்கி மருந்தாகவும் நெடுங்காலம் வழங்கி வந்துள்ளது. ஆயினும் வயலுக்கு நல்லது குடலுக்கும் நல்லதென்று கொள்ளலாகாது.

பெருங்குடலின் உட்புறத்தை வளையும் குழாய்க் கருவியால் நோக்குவது கொலோனோஸ்கோப்பி எனப்படும். குடலில் மலம் எஞ்சினால், பின்னர் புற்றாக மாறக்கூடிய சிறு கட்டிகள் மருத்துவரின் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆதலின் குடலை முன்னரே தூய்மை செய்தல் இன்றியமையாதது.

மாங்காய்த் துண்டின்மீது உப்பைத் தூவினால் நீர் கசிவதை மாணவர் அறிவர். செறிந்த சோடியம் பாஸ்பேட் கரைசலும் அவ்வாறே உடலின் நீரைக் குடலுக்குள் ஈர்க்கிறது. குடிக்கவேண்டிய அளவு சிறிதாதலால் நோயாளர் இதனை விரும்பினர். ஆனால் பாஸ்பேட்டின் ஒரு பகுதி இரத்தத்திற் கலந்து, கால்சியத்துடன் கூடிச் சிறுநீரக நுண்குழல்களில் படிகிறது. இதனால் சிலருடைய சிறுநீரகங்கள் மீளாப் பழுதுற்றன. 2008ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதுபற்றி எச்சரித்தது. முதியோர், சிறுநீரக நோயாளர், நீர்பிரி மாத்திரையோ சிலவகை இரத்த அழுத்த மருந்துகளோ உண்போர் ஆகியோருக்கு இவ்வபாயம் மிகுதி.

பாலிஎதிலீன் கிளைக்கால் கரைசலின் இயல்பு வேறு. டேவிஸ், ஃபோர்ட்ரான் முதலியோர் 1980இல் வெளியிட்ட முறைப்படி, இதில் உப்புகள் உடலுக்கு ஒத்த அளவில் சேர்க்கப்படுகின்றன. நீர் குடற்சுவரின் வழியே உள்ளேயோ வெளியேயோ பெரிதும் செல்வதில்லை. குடலைக் கழுவிக்கொண்டு வெளியேறுகிறது. குறை யாதெனில், 4 லிட்டர் வரை பருகவேண்டும், சுவையும் இனியதன்று. அஸ்கார்பிக் அமிலம் சேர்த்த 2 லிட்டர் வகை எளிதெனினும், ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ளோர் மருத்துவரிடம் அதனைத் தெரிவித்தல் வேண்டும். பிகோசல்பேட்டும் மெக்னீசியம் சிட்ரேட்டும் சேர்ந்த தூள் பருகுவதற்கு இனியது. எனினும் சிறுநீரகம் நலிந்தோரின் உடலில் மெக்னீசியம் தேங்கும்.

மானிட்டால் என்னும் சர்க்கரைப் பொருளைப் பற்றியும் ஒரு சொல். குடற்கிருமிகள் அதனைப் புளிக்கச்செய்து ஹைட்ரஜனை உண்டாக்கும். மின்சூட்டால் கட்டியை அகற்றும்போது அவ்வாயு வெடித்து உயிர்ச்சேதம் நேர்ந்ததாக 1979இல் பிரெஞ்சு மருத்துவர்கள் பதிவு செய்தனர்.

எக்கரைசலாயினும் பாதியை முன்னாள் மாலையிலும், மீதியைச் சோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பாகத் தொடங்கியும் பருகினால் குடல் நன்கு தெளியும். இறுதிக் குவளை சோதனைக்கு இரண்டு மணி நேரத்திற்கு முன்னரே முடிதல் வேண்டும். வெளியேறும் நீர் இளமஞ்சளாய்த் தெளிந்திருக்கிறதா என்று நோயாளரையே பார்க்கச் சொல்லலாம். கலங்கலாக இருப்பின் அதனை மருத்துவமனைக்கு அறிவிக்கவேண்டும்.