புது லேப்டாப் வாங்குறதுக்கு முன்னால பயாஸைப் பாருங்க



சிலிபின்ல எங்க வீட்டில் இருப்பது ஒரே ஒரு பழைய லேப்டாப். 8 ஜிபி ரேம், உள்ளே உபுண்டு லினக்ஸ். போன செமஸ்டர் ஒரு பாடத்துக்கு விண்டோஸ்ல மட்டும் ஓடும் மென்பொருள் தேவைப்பட்டது. லினக்ஸை அழிக்க மனசில்லை. அதனால் வெர்ட்-மேனேஜர் போட்டு, லினக்ஸுக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினி அமைத்தேன். வெளியே இருக்கும் நிஜக் கணினி ஹோஸ்ட், உள்ளே மென்பொருளால் ஆன கணினி கெஸ்ட். வீட்டுக்காரரும் விருந்தாளியும் மாதிரி.

விண்டோஸ் ஏறிடுச்சு. ஆனா ஸ்டார்ட் மெனு திறக்கிறதுக்குள்ள ஒரு மைலோ கலக்கிக் குடிச்சிடலாம். கடையில கேட்டா, "இந்த மெஷின் தாங்காது, புதுசு வாங்கு"ன்னாங்க. அப்பா அன்றைக்கே ஓவர்டைம் கேட்க ஆரம்பிச்சிட்டார். எனக்குச் சோறு இறங்கல.

மெஷின்மேல குற்றமே இல்லை. லினக்ஸ் கெர்னலில் கேவிஎம் என்ற பகுதி 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 பதிப்பிலிருந்தே இருக்கிறது. கெஸ்ட்டின் கட்டளைகளை அது நேராக பிராசஸரிலேயே ஓட விடும். அதற்கு இன்டெல்லில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் ஏஎம்டி-வி என்ற வசதி திறந்திருக்கணும். மூடியிருந்தால் கியூஎமு ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருளாலேயே மொழிபெயர்த்து ஓட்டும். ஓடும், ஆனா நொண்டும். கேவிஎம் கிடைக்கவில்லை என்று வெர்ட்-மேனேஜர் எச்சரிக்கை காட்டத்தான் செய்தது. நான்தான் படிக்காம அடுத்த பட்டனைத் தட்டிட்டேன்.

கணினியை மறுபடி தொடக்கி பயாஸுக்குள் போங்க. எஃப்2, எஃப்10, டிலீட் என்று பட்டன் மெஷினுக்கு மெஷின் மாறும். விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி, அல்லது எஸ்விஎம் மோட் என்று இருப்பதைத் திறந்து சேமியுங்க. லினக்ஸுக்குத் திரும்பியதும் டெவ் ஃபோல்டரில் கேவிஎம் என்ற கோப்பு இருக்கணும்.

நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். விண்டோஸ் இன்னும் நொண்டியது! பழைய மெய்நிகர் கணினி கியூஎமு வகை என்றே பதிவாகியிருந்தது. அந்தப் பதிவை மட்டும் நீக்குங்க. டிஸ்க் கோப்பையும் அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக்கை எடுத்துடுங்க, இல்லாட்டி எல்லாம் போச்சு. பிறகு அதே டிஸ்க்கை இம்போர்ட் செய்து புதிதாக உருவாக்குங்க. ஃபர்ம்வேரும் டிஸ்க் வகையும் பழையபடியே இருக்கட்டும். எனக்கு மெனு உடனே திறந்தது. அப்பாகிட்ட ஓவர்டைம் வேணாம்னு சொல்லிட்டேன்.

மற்ற சிக்கல்கள் சின்னதுதான். 'டிஃபால்ட்' நெட்வொர்க் செயலில் இல்லை என்று வந்தால், கனெக்‌ஷன் விவரங்களில் அதைத் தொடக்கி, ஆட்டோஸ்டார்ட்டையும் டிக் செய்யுங்க. விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லையா? வெர்ட்-ஐஓ டிரைவர் இல்லாததால் இருக்கும். டிஸ்க் வகையைச் சாட்டா என்று மாற்றினால் தெரியும், வேகம் கொஞ்சம் குறையும். 8 ஜிபி ரேமில் கெஸ்ட்டுக்கு 4 கொடுத்தால் போதும். ஆறு, ஏழு என்று அள்ளிக் கொடுத்தால் ஹோஸ்ட் மூச்சு முட்டி, ரெண்டும் சேர்ந்து படுத்துடும்.