பட்டியலில் இல்லாத மெஷினுக்கு பேக்கப் இல்லை

பேக்கப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். பேக்கப் மென்பொருள் தனக்குத் தெரிந்த மெஷின்களுக்குத்தான் கணக்குச் சொல்லும். வருகைப் பதிவேட்டில் பெயரே ஏறாத பிள்ளைக்கு யாரும் ஆப்சென்ட் போடுவதில்லை. காலையில் ரிப்போர்ட் முழுக்கப் பச்சையாக இருப்பதும் அப்படித்தான். ஆகவே வர்ச்சுவல் மெஷின்களைக் கண்டுபிடித்துப் பட்டியலிடும் டிஸ்கவரியில் அவசரம் காட்டாதீர்கள். விஎம்வேரை வைத்துச் சொல்கிறேன்.

1. இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்களை ஒவ்வொன்றாகச் சேர்க்காமல் விசென்டரையே சேருங்கள். நேற்று ஒரு ஹோஸ்ட்டில் இருந்த மெஷின் விமோஷனில் இன்று வேறொன்றுக்குப் போயிருக்கும். விசென்டருக்குத்தான் அது எங்கே இருக்கிறது என்று தெரியும்.

2. ஃபயர்வாலில் இரண்டு போர்ட்களைப் பாருங்கள். விசென்டரோடு பேச 443; நெட்வொர்க் வழியாக டிஸ்க்கைப் படிக்க ஹோஸ்ட்களின் 902. முதலாவதைத் திறந்து இரண்டாவதை மறந்தால், பகலில் பட்டியல் அழகாக வரும், ராத்திரி பேக்கப் விழுந்துவிடும்.

3. பேக்கப்புக்கென்று தனி சர்வீஸ் அக்கவுன்ட் கேளுங்கள். அனுமதியை விசென்டரின் உச்சியில் கொடுத்து, கீழே எல்லாவற்றுக்கும் பரவச் செய்யுங்கள். ஒரு ஃபோல்டருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவை கண்ணிலேயே படாது, எரரும் வராது. பாஸ்வேர்ட் காலாவதி ஆகும் தேதியைக் குறித்து வையுங்கள்.

4. பெயரை நம்பாதீர்கள். அப்ளிகேஷன் டீம் ஒரு நாள் பெயரை மாற்றினால், பெயரை வைத்து எழுதிய விதியிலிருந்து அந்த மெஷின் சத்தமில்லாமல் நழுவிவிடும். பயாஸ் யூயூஐடியும் காப்பி எடுத்த மெஷின்களில் ஒன்றாகவே இருக்கலாம். ஒரே விசென்டருக்குள் இன்ஸ்டன்ஸ் யூயூஐடிதான் நம்பத் தகுந்த அடையாளம்.

5. டேக் போட்டதைச் சேர்ப்பதா, விலக்குவதா என்று கேட்டால், எல்லாவற்றையும் எடுத்து, வேண்டாததை டேக் போட்டு விலக்குங்கள். விலக்க மறந்தால் கொஞ்சம் ஸ்டோரேஜ் வீண். சேர்க்க மறந்தால் டேட்டாவே போச்சு.

6. பட்டியலில் வந்த மெஷின் முழுசாக பேக்கப் ஆகும் என்று எண்ணாதீர்கள். பிசிக்கல் மோட் ஆர்டிஎம் டிஸ்க், இன்டிபென்டன்ட் டிஸ்க் இரண்டும் ஸ்னாப்ஷாட்டில் சேராது. சி டிரைவ் வந்திருக்கும். டேட்டாபேஸ் இருக்கிற டி டிரைவ் வந்திருக்காது. அப்படிப்பட்ட மெஷினுக்குள்ளேயே ஏஜென்ட் போட்டு எடுங்கள். விஎம்வேர் டூல்ஸ் ஓடுகிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஃபைல் சிஸ்டத்தை நிதானப்படுத்தாமலே ஸ்னாப்ஷாட் எடுக்கப்படும்.

7. டிஸ்கவரி ஓடும் நேரத்தை பேக்கப் தொடங்குவதற்கு முன்னால் வையுங்கள். மதியம் உருவான மெஷின் அன்று ராத்திரியே சேர்ந்துவிடும். பட்டியலிலிருந்து மறைந்த மெஷினின் பழைய பேக்கப்பை, வைத்திருக்க வேண்டிய காலம் முடியும்வரை அழிக்காதீர்கள். அழிந்த மெஷினைத்தான் முதலில் கேட்டு வருவார்கள்.

8. விசென்டரும் பெரும்பாலும் ஒரு வர்ச்சுவல் மெஷின்தான். அதுவே விழுந்தால் நீங்கள் நம்பியிருந்த பட்டியலும் கூடவே போகும். அதன் 5480 போர்ட் நிர்வாகப் பக்கத்தில் ஃபைல் பேக்கப் வசதி இருக்கிறது. அதைப் போட்டு வையுங்கள். ஹோஸ்ட்டின் ரூட் பாஸ்வேர்டும் விசென்டரைச் சாராத இடத்தில் கிடைக்க வேண்டும்.

9. ரெஸ்டோர் செய்து பாருங்கள். வேறு பெயரில், நெட்வொர்க் கார்டைத் துண்டித்து ஏற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஐபியில் இரண்டு மெஷின்கள் மோதும்.

10. மாதம் ஒரு முறை விசென்டரில் உள்ள மெஷின்களை எண்ணுங்கள். அணைத்துக் கிடப்பவையும் கணக்கில் சேரட்டும். பேக்கப் ஆனவற்றையும், காரணம் எழுதி விலக்கியவற்றையும் கூட்டுங்கள். இரண்டு எண்ணும் ஒத்துவராவிட்டால், விடுபட்டது எது என்று கண்டுபிடித்த பிறகே மற்ற வேலையைத் தொடுங்கள்.