பத்திரம் போட்டால் பாலம் வந்துவிடுமா?

தூத்துக்குடியில் ஒன்றாம் கேட், இரண்டாம் கேட் என்றால் ஆட்டோக்காரருக்கு வேறு விலாசம் வேண்டாம். 1876இல் ரயில் வந்த ஊர் இது. கேட் மூடினால் ஆம்புலன்ஸும் உப்பு லாரியும் ஒரே வரிசையில்தான் நிற்கும். இந்த வேதனையிலிருந்துதான் பல தவறான நம்பிக்கைகளும் பிறக்கின்றன.

"வ.உ.சி. ஊராரிடம் பணம் திரட்டிக் கப்பலே விட்டார். மேம்பாலத்துக்குக் கடன்பத்திரம் போட்டால் ஆகாதா?" 1906இல் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் விற்றது 25 ரூபாய்ப் பங்கு. கம்பெனி நொடித்தபோது பங்குதாரர் பணமும் சேர்ந்து போயிற்று. கடன்பத்திரத்துக்கோ தவணை தவறாமல் வட்டியும், முடிவில் அசலும் தந்தாக வேண்டும். கேட்டுக்கு மேல் போகிற பாலம் தானாக எதையும் சம்பாதிக்காது. அதனால், கடனை யார் அடைப்பார் என்பதுதான் முதல் கேள்வி.

மதுரை மாநகராட்சி 2001இல் உள்வட்டச் சாலைக்காக 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டபோது கையில் சுங்க வசூல் இருந்தது. துறைமுக ஊரான நமக்கு இன்னும் பொருத்தமான பாடம் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறது. 2002இல் திறந்த அலமேடா சரக்கு ரயில் பாதை, இருநூறுக்கும் மேற்பட்ட கேட்டுகளை ஒழித்தது. அதற்காக வாங்கிய பத்திரக் கடனைக் கன்டெய்னர் கட்டணத்தில் அடைக்கிறார்கள். சரக்கு எதிர்பார்த்த அளவு பெருகாததால் அந்தக் கடனைப் பலமுறை மாற்றியமைக்க வேண்டியும் வந்தது. வ.உ.சி. துறைமுகத்தின் கன்டெய்னர்களை வைத்து இப்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் சரக்கு குறைந்தால் சுமை யார் தலையில் என்பதை முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

"ரயில்வேக்குத்தான் ஐ.ஆர்.எஃப்.சி. பத்திரம் இருக்கிறதே?" ரயில்வேக்காகக் கடன் திரட்ட 1986இல் அமைந்த அந்த நிறுவனத்தின் பணம் நெடுங்காலம் பெரும்பாலும் இன்ஜினுக்கும் பெட்டிகளுக்குமே போனது. மேம்பாலங்களுக்கு முக்கிய ஆதாரம் வேறு. நாம் போடும் பெட்ரோல், டீசலில் பிடிக்கும் செஸ், மத்திய சாலை, உள்கட்டமைப்பு நிதிக்குப் போய், அதிலிருந்து ஒரு பங்கு வருகிறது.

"கேட் ரயில்வேயுடையது, பாலமும் அவர்கள் பொறுப்பு." பொதுவான ஏற்பாட்டில் செலவை ரயில்வேயும் மாநில அரசும் பாதிப்பாதி ஏற்கின்றன. வேலையில் தண்டவாளத்துக்கு மேலுள்ள பகுதி ரயில்வேக்கு, இருபுறச் சாய்தளமும் நில எடுப்பும் மாநிலத்துக்கு. நெருக்கமான ஊரில் வேலை பெரும்பாலும் நிலத்தில்தான் முடங்குகிறது. நிலம் கைக்கு வராமல் பத்திரம் விற்றால், பாலம் எழாமலே வட்டி ஓடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை, "கேட்கீப்பர் இருந்தால் பயமில்லை" என்பது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தனர். அது கேட்கீப்பர் இருந்த கேட், ஆனால் சிக்னலோடு இணைக்கப்படாதது. இணைத்திருந்தால், கேட் மூடாதவரை ரயிலுக்குப் பச்சை விழுந்திருக்காது. இந்த இணைப்புக்கு நில எடுப்பும் வேண்டாம், கடன்பத்திரமும் வேண்டாம். பாலம் வரும்வரை ஒவ்வொரு கேட்டுக்கும் இதையாவது இப்போதே கேட்டு வாங்க வேண்டும்.