கப்பலால் இறங்கி விமானம் ஏறுமுன்

கொழும்புத் துறைமுகத்தில் காலையில் இறங்கி, இரவு கட்டுநாயக்கவில் விமானம் ஏறுகிறீர்களா? பெட்டிகளோடு புறக்கோட்டை நெரிசலுக்குள் போகாதீர்கள். முதலில் அவற்றுக்கு ஓர் இடம் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேசர் கோயில்தான் முதலில். கருங்கல் திருப்பணி. தூண்களின் சிற்பங்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள், உளியின் நுணுக்கம் தெரியும். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் பக்கந்தான். பிறகு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத்தெருவின் சிவப்பு வெள்ளைப் பள்ளிவாசல். பெண்கள் தலையை மூட ஒரு சால்வை வைத்திருங்கள். நேரமிருந்தால் மருதானையில் 1911இல் திறந்த டவர் மண்டப நாடக அரங்கு.

ஓட்டோவில் மீற்றர் போடச் சொல்லுங்கள். விமான நிலையம் 30 கிலோமீற்றருக்கு மேல். மாலை நெரிசல் தொடங்குமுன் புறப்பட்டுவிடுங்கள்.