பழைய சைக்கிளை இனங்காண்பதும் பழுது நீக்குவதும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை சாலையோரம் இன்று எழும்பி நிற்பவற்றுள் பெரியவை வண்டி செய்யும் ஆலைகளே. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகின்றன. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் கார் ஆலையும், 2012இல் டைம்லர் லாரி ஆலையும், 2013இல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் தொடங்கின. இத்தனை புது வண்டிகளுக்கு நடுவே, நம் வீட்டு மாட்டுக் கொட்டகையிலும் கொல்லைப்புறத்திலும் ஒரு பழைய வண்டி சுவரில் சாய்ந்து நிற்கும். அது தாத்தாவின் சைக்கிள். காயலான் கடைக்காரர் வந்தால் அதைத் தூக்கிப் பார்த்து, இருபது கிலோ தேறும் என்று எடைக்கு விலை சொல்லுவார். அவர் வருவதற்குள் அந்த வண்டி எது, எங்கே செய்தது, எவ்வளவு பழையது என்று பார்க்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஒரகடத்து மோட்டார் சைக்கிளுக்கும் கொட்டகைச் சைக்கிளுக்கும் உறவு உண்டு என்றால் தோழியர் நம்ப மாட்டீர்கள். ராயல் என்பீல்டைத் தொடங்கியது இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் இருந்த என்பீல்டு சைக்கிள் கம்பெனி. அவர்கள் முதலில் செய்தது மிதிவண்டிதான். 1901இல்தான் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். பி.எஸ்.ஏ. என்ற எழுத்துகளின் விரிவு இன்னும் வியப்பானது: பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861இல் துப்பாக்கி செய்யக் கூடிய கம்பெனி அது. அதனால்தான் பழைய பி.எஸ்.ஏ. சைக்கிளின் முத்திரையில் மூன்று துப்பாக்கிகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கின்றன. துப்பாக்கி செய்தவர்கள் சைக்கிள் செய்ய வந்தது நல்ல மாற்றம். ஆனால் உலகப் போர்கள் வந்தபோது அவர்கள் பழைய தொழிலையும் விட்டுவிடவில்லை.

நம் பக்கத்து வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது ஹெர்குலிஸ். இப்பெயரில் பர்மிங்காமில் 1910 முதல் சைக்கிள் செய்தார்கள். 1949இல் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தாரும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்கினர். 1951இல் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள் செய்யப்பட்டது. 1955இல் ஆவடியில் இரும்புக் குழாய் செய்யவும் ஓர் ஆலை எழுந்தது. ஆக, ஹூண்டாய் வருவதற்கு நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்னரே, நமக்கு வடகிழக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் வண்டித் தொழில் வேர்விட்டிருந்தது. வடக்கே சோனிப்பட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ, வங்காளத்தில் ஆசன்சாலில் சென்-ராலே ஆகியவையும் அந்தக் காலத்தவைதான். எனவே ஒரு ஹெர்குலிஸ் கிடைத்தால் முதற்கேள்வி, அது பர்மிங்காமா அம்பத்தூரா என்பதே.

ஹேண்டில் பாருக்குக் கீழே முன்குழாயில் ஆணியடித்துப் பொருத்திய சின்னத் தகடு இருக்கும். அதில் ஊர்ப் பெயர் பொறித்திருக்கலாம். ஆயினும் தகட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது, ஏனெனில் அது கழற்றி மாற்றக் கூடியது. தகட்டின் ஓரத்தில் அதன் வடிவத்துக்குப் பொருந்தாத பழைய பெயிண்டுத் தடம் தெரிந்தாலோ, அடைபட்ட வேறு ஆணித்துளை இருந்தாலோ ஐயம் கொள்ள வேண்டும். பல்சக்கரத்தையும் பாருங்கள். பி.எஸ்.ஏ. என்ற எழுத்தையே பல்சக்கரத்தின் நடுவில் வெட்டியிருப்பார்கள். ராலேயின் அடையாளம் நாரைத் தலை. பிறகு பிரேமில் குத்திய எண்ணைத் தேடுங்கள். சீட்டுக்குக் கீழேயோ, வண்டியைக் கவிழ்த்தால் பெடல் அச்சு செல்லும் உருளையின் அடியிலோ இருக்கும். அதைச் சுரண்டாமல் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே தாளில் இறங்கிவிடும்.

சக்கரத்தின் கம்பிகளை எண்ணுங்கள். முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 என்று இருந்தால் அது பழைய இங்கிலாந்து முறை. நம் நாட்டு ரோட்ஸ்டர் வண்டிகளும் அதையே பின்பற்றின. டயரில் 28 × 1½ என்று இருக்கும். 28 அங்குலம் என்பது டயரின் வெளிவிட்டம், ஏறக்குறைய 711 மில்லிமீட்டர். டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாதியாக்கினால் 38 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அங்குலம் வருகிறது அல்லவா? கணக்குப் பாடம் சைக்கிள் கடையிலும் உதவுகிறது.

வயதை அறியச் சில வண்டிகளில் நேரான சாட்சியே உண்டு. ஸ்டர்மி ஆர்ச்சர் என்னும் மூன்று கியர் ஹப்பு பொருத்திய இங்கிலாந்து வண்டி கிடைத்தால், ஹப்பின் வெளியோட்டில் 57 4 என்பது போல் எண் பொறித்திருக்கும். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் என்று பொருள். ஆனால் அது ஹப்பின் பிறந்தநாளே தவிர, வண்டியினுடையது ஆகாது; பின்னாளில் சக்கரத்தை மாற்றியிருக்கலாம். நம் ஊர்களில் ஒரு காலத்தில் சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை வாங்க வேண்டியிருந்தது. ஊரும் ஆண்டும் பொறித்த அந்த வில்லை சில வண்டிகளில் இன்னும் தொங்குகிறது. அந்த ஆண்டில் வண்டி ஓடியது என்பதற்கு அது போதும். ஒரே ஒரு சாட்சியைக் கொண்டு தீர்ப்புச் சொல்லாமல் தகடு, எண், ஹப்பு, வில்லை எல்லாம் ஒத்துப் போகின்றனவா என்று பார்ப்பதே முறை.

இதெல்லாம் முடியும் முன்பே பெயிண்டு அடிக்கக் கிளம்பிவிடுவது பெரிய ஆபத்து. எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. தாத்தா வயலுக்கு உரமும், சந்தைக்கு வாழையிலையும் ஏற்றிச் சென்ற ஹெர்குலிஸ் எங்களிடம் இருக்கிறது. ஒரகடத்தில் பவுடர் கோட்டிங் பட்டறையில் வேலை செய்யும் என் சித்தப்பா, “ஒரே நாளில் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன், காசு வேண்டாம்” என்றார். தாத்தா வண்டியின் மட்கார்டைத் தடவிக்கொண்டே, “பளபளப்பு எதற்கடா? அந்தப் பொன் கோடு போய்விட்டால் திரும்ப யார் இழுப்பார்கள்?” என்று கேட்டார். கறுப்புப் பெயிண்டின்மேல் கையால் தூரிகை பிடித்து இழுத்த மெல்லிய கோடுகள் அவை. சித்தப்பா முறையாகவே விளக்கினார்: முதலில் மணலை வேகமாகப் பீய்ச்சிப் பழைய பெயிண்டை எல்லாம் உதிர்ப்பார்கள், பிறகு பொடியைத் தூவி, ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் அடுப்பில் வைப்பார்கள். அந்தச் சூட்டில் சைக்கிளின் பித்தளை இணைப்புகள் இளகா, அவை இளக 900 டிகிரியாவது வேண்டும். ஆனால் கோடும் எழுத்தும் போய்விடும். குத்திய எண்ணின் பள்ளமும் பொடியால் மூடிப்போகலாம். பெயிண்டே இல்லாமல் முழுதும் துருவாகிவிட்ட பிரேமுக்குப் பவுடர் கோட்டிங் நல்ல மருந்து என்பதே என் எண்ணம். அப்போதும் மரையுள்ள இடங்களை மூடிவிட்டுத்தான் செய்ய வேண்டும். பாதிக்கு மேல் பெயிண்டு உள்ள வண்டிக்கு அது வேண்டாம். எங்கள் வீட்டில் தாத்தா சொன்னதே நின்றது.

பித்தளை இணைப்பு என்றேன் அல்லவா? பழைய பிரேமில் குழாய்கள் சேரும் மூலைகளில் உறை போன்ற கவசம் இருப்பதைக் காணலாம். குழாயை அதற்குள் செருகிச் சூடேற்றி, உருகிய பித்தளையை விட்டால், இடுக்கு முழுதும் அது தானே பரவிவிடும். நம் பாடத்தில் வரும் நுண்புழை ஏற்றம் இதுதான். இப்படிச் செய்த பிரேமில் ஒரு குழாய் கெட்டால் அதை மட்டும் சூடேற்றிக் கழற்றி வேறு குழாய் வைக்கலாம். கொஞ்சம் வளைந்திருந்தாலும் இரும்பு நிமிரும். அலுமினிய பிரேமை அப்படி நிமிர்த்தினால் விரிசல் விழும்.

பிரேம் நேராக உள்ளதா என்று அறிய ஒரு நூல் போதும். நூலின் ஒரு முனையைப் பின்சக்கர அச்சு உட்காரும் காடியில் ஒரு பக்கம் கட்டி, முன்குழாயைச் சுற்றி இழுத்து வந்து, மறுபக்கக் காடியில் கட்டுங்கள். நடுவே சீட் குழாய் நிற்கும். அதற்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளவுகோலால் அளங்கள். சமமாக இருந்தால் பிரேம் நேர். முன்குழாயை ஒட்டி மேல்குழாயிலும் கீழ்க்குழாயிலும் பெயிண்டு சுருங்கி வெடித்திருந்தால், வண்டி எப்போதோ எதிலோ முட்டியிருக்கிறது என்று பொருள். அதை மெக்கானிக்கிடம் காட்டாமல் ஓட்டக் கூடாது.

மேல்குழாய், அதாவது பார், இருப்பதால் இது ஆண்கள் வண்டி என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பெண்கள் வண்டி கடைகளில் தீர்ந்துபோனபோது அவர்கள் பார் வைத்த வண்டியையே வாங்கினார்கள். குழந்தையை உட்கார வைக்க அந்தப் பார் வசதி என்று கண்டார்கள்! ஆகையால் பாரை அறுத்து வண்டியை மாற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

இனிக் கழற்றும் வேலை. வலப்பக்கம் திருகினால் இறுகும் என்ற விதி இரண்டு இடங்களில் பொய்க்கும். இடப் பெடலும், பெடல் அச்சின் வலப்பக்கக் கிண்ணமும் எதிர்மரை கொண்டவை. தெரியாமல் பலம் போட்டால் மரை போய்விடும். கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்தான் எல்லாரையும் சோதிப்பது. அதன் நட்டை முழுதும் கழற்றாமல், மரை முனைக்குச் சமமாக நிறுத்தி, கிராங்குக்கு அடியில் ஒரு கனத்த இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, சுத்தியலால் ஒரே போடாகப் போட வேண்டும். முட்டுக்கொடுக்காமல் பத்து முறை தட்டினால் பின் வளையும், உள்ளே கிண்ணமும் நசுங்கும். முந்தைய நாளே எண்ணெய் விட்டு ஊற வைப்பது நல்லது.

திறக்கும்போது கீழே ஒரு தட்டு வையுங்கள். பெடல் அச்சில் பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குலக் குண்டுகள், பின்ஹப்பில் அதே அளவில் பக்கத்துக்கு 9, முன்ஹப்பில் அதைவிடச் சிறியவை பக்கத்துக்கு 10. ஆக மொத்தம் அறுபது. ஒரு குண்டு தேய்ந்திருந்தாலும் அந்த இடத்துக் குண்டுகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் கலந்தால் பாரம் பெரிய குண்டின்மேலேயே விழும். புதுக் கிரீசு வைத்துச் சேர்க்கும்போது அச்சு தடையின்றிச் சுழல வேண்டும், ஆட்டமும் இருக்கக் கூடாது. இந்தப் பதம் கைக்குத்தான் தெரியும்.

துருவைப் பற்றி வேதியியலில் படித்திருக்கிறோம். இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்தது அது. குரோமியம் பூசிய ரிம்மிலும் ஹேண்டிலிலும் பூச்சின் ஊசித்துளைகள் வழியே அது புள்ளிபுள்ளியாக வெளிவருகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் துருவோடு பூச்சும் போகும். சாப்பாடு சுற்றிவரும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். அது குரோமியத்தைவிட மென்மையானதால் கீறாது, துரு மட்டும் கரும் சேறாக வரும். துடைத்து உலர்த்தி, எண்ணெய்த் துணியால் ஒற்றிவிடலாம். முகப்புத் தகட்டில் மட்டும் புளி போட்டுத் தேய்க்கும் ஆசை வேண்டாம். குத்துவிளக்குக்கு அது சரி. தகட்டிலோ எழுத்தின் நிறம் போய்விடும். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊற வைத்து, காய்ந்தபின் மெஷின் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தேங்காய் எண்ணெய் புழுதியோடு சேர்ந்து பசையாகிவிடும்.

பழமையைக் காக்கிறோம் என்று மாற்றாமல் விடக் கூடாதவை டயர், டியூப், பிரேக் ரப்பர், காட்டர் பின் ஆகியவை. இந்த வண்டியின் கம்பிப் பிரேக்கு ரிம்மின் உட்புறத்தை மேல்நோக்கிப் பிடிப்பது. மழையில் இரும்பு ரிம் வழுக்குவதால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். கண்டெய்னர் லாரிகள் போகும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இதை நினைவில் வைக்க வேண்டும். டைனமோ விளக்கு 6 வோல்ட், 3 வாட்தான், வண்டி நின்றால் அணைந்துவிடும். ஆகவே பின்மட்கார்டில் சிவப்புப் பிரதிபலிப்பான் ஒன்றை வாங்கிப் பொருத்தச் சொன்னேன். அதற்குத் தாத்தா மறுப்புச் சொல்லவில்லை.

கழற்றிய பழைய பாகங்களைக் காயலான் கடைக்குத் தராமல், எதை எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் என்று சீட்டு எழுதி ஒரு துணிப்பையில் கட்டி வைத்திருக்கிறோம். பென்சிலால் தேய்த்து எடுத்த பிரேம் எண்ணும் அந்தப் பைக்குள் இருக்கிறது.