கொல்லைக்கு ஏற்ற கற்பூரவல்லி

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் வீட்டுக் கொல்லையில் வைக்க எந்த வாழை ஏற்றது என்று கேட்டால், கற்பூரவல்லியைத்தான் சொல்ல வேண்டும். மலையடிவாரச் செவல் மண்ணில் நன்றாக வரும். கிழக்கே கரிசலிலும், தண்ணீர் தேங்காதபடி மேடாக்கிக் கொடுத்தால் வரும். வறட்சியையும் ஓரளவு உப்பையும் தாங்கும். இலைப்புள்ளி நோய் இதை அதிகம் பாதிப்பதில்லை. பழத்தின் இனிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எப்போதாவது ஒரு பழத்தில் விதை தட்டுப்படும். அதைக் குறையாகச் சொல்ல முடியாது.

ஆனால், எதையும் தாங்கும் வாழை என்று நம்பிக் கிடைத்த கன்றை ஊன்றிவிடக் கூடாது. வாடல் நோயை மட்டும் கற்பூரவல்லி தாங்காது. பனாமா வாடல் என்று சொல்லப்படும் இந்த நோயால்தான், மத்திய அமெரிக்காவில் ஏற்றுமதிக்கென்று பயிரிட்ட குரோ மிஷேல் வாழைத் தோட்டங்கள் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கைவிடப்பட்டன. மண்ணில் வாழும் பூசணம் இதற்குக் காரணம். ஒருமுறை வந்துவிட்டால் அந்த மண்ணில் பல ஆண்டுகள் தங்கியிருக்கும். நோய் கண்ட மரத்தைக் காப்பாற்ற மருந்து கிடையாது. பெரும்பாலும் இது கன்றோடும், கன்றின் கிழங்கில் ஒட்டிய மண்ணோடும்தான் நம் கொல்லைக்கு வந்து சேர்கிறது. தெரிந்தவர் அன்போடு கொடுத்த கன்று என்பதற்காக நோய் விட்டுவிடாது.

எனவே கன்று எடுக்கப் போகும்போது முதலில் தாய் மரத்தைப் பாருங்கள். அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்குகின்றனவா? தண்டின் அடிப்பாகம் நீளவாக்கில் வெடித்திருக்கிறதா? கிழங்கைச் சீவினால் உள்ளே செம்பழுப்புக் கோடுகளும் புள்ளிகளும் தெரிகின்றனவா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தத் தோட்டத்துக் கன்றே வேண்டாம். பக்கத்தில் பச்சையாக நிற்கும் மரத்தின் கன்றும் வேண்டாம். உள்ளே நோய் இருந்தும் வெளியே தெரியாமல் இருக்கலாம்.

இலை ஈட்டி போல் குறுகியும், அடி பருத்தும் உள்ள, 1½ முதல் 2 கிலோ எடையுள்ள கன்று நல்லது. அகன்ற இலையுள்ள நீர்க்கன்றைத் தள்ளிவிடுங்கள். வேரையும் அழுகிய பகுதியையும் சீவி, தண்டை முக்கால் அடி வைத்து வெட்டி, லிட்டருக்கு 2 கிராம் கார்பெண்டசிம் கரைத்த நீரில் 20 நிமிடம் கிழங்கை நனைத்து நடவும். கையுறை அணிந்து செய்க.

நடவுக்கு, மழை ஓயும் கார்த்திகைக் கடைசி ஏற்றது. கற்பூரவல்லி 14 முதல் 16 மாதப் பயிர். கார்த்திகையில் நட்டால், ஆனி, ஆடிக் காற்று அடிக்கும்போது மரத்தில் தார் இராது. அதுவே பெரிய இலாபம். உயரமாக வளரும் மரமாதலால், தார் தள்ளியதும் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுக்க வேண்டும்.

குழி ஒன்றரை அடி நீள, அகல, ஆழம். அதில் 10 கிலோ மக்கிய தொழு உரமும் கால் கிலோ வேப்பம் பிண்ணாக்கும் மண்ணோடு கலந்து இடுக. மரத்துக்கு மரம் 7 அடி. மூன்று, ஐந்து, ஏழாம் மாதங்களில் மரத்துக்கு 80 கிராம் யூரியா, 180 கிராம் பொட்டாஷ்; மூன்றாம் மாதத்தில் மட்டும் 220 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் சேர்க்கவும். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி இட்டு, மண் மூடி, நீர் விடவும். பாத்திரம் கழுவும் நீரை விடலாம். சேறாகத் தேங்க விடக்கூடாது.

பக்கக் கன்றுகளை மாதம் ஒருமுறை அறுத்துவிட்டு, தார் தள்ளும் சமயத்தில் ஒன்றை மட்டும் மறுதாம்புக்கு விடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வாடல் தென்பட்டால், தார் முற்றட்டும் என்று காத்திராமல் மரத்தைக் கிழங்கோடு தோண்டி எரித்துவிட வேண்டும். குழியில் 1 முதல் 2 கிலோ சுண்ணாம்பு இட்டு, மண்வெட்டியைக் கழுவிய பிறகே அடுத்த மரத்துக்குப் போகவும். அந்தக் குழியின் தண்ணீர் மற்ற மரங்களுக்கு ஓடக்கூடாது. அதே இடத்தில் மீண்டும் வாழைதான் வேண்டுமென்றால், இந்நோயைப் பெரும்பாலும் தாங்கி நிற்கும் பூவனை வைக்கலாம்.