பானட்டைத் திறக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இன்ஜின் விளக்கு எரிந்தது, ஸ்கேனரை மாட்டினாய், பி0171 என்று வந்தது, கடைக்காரர் சொன்னபடி ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினாய், விளக்கு திரும்ப எரிகிறது. காசு போனதுதான் மிச்சம், இனி ஸ்பேனரைத் தொடமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். ராமச்சந்திராபுரம் பெல் டவுன்ஷிப்பில் வளர்ந்த பிள்ளை நீ. லிங்கம்பள்ளி, பீரம்குடா, பட்டன்செரு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒர்க்‌ஷாப் இருக்கும் ஊரில், என் வண்டியை நானே பார்க்கிறேன் என்று உனக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய சந்தோஷம். அதை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். இதே கோபத்தில் இருக்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

பி0171 என்பதற்கு, பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று கம்ப்யூட்டர் நினைக்கிறது என்று பொருள். ஏன் என்பது அதற்குத் தெரியாது. காற்று அதிகம் என்று கண்டு சொன்னதே பெரும்பாலும் அந்த ஆக்ஸிஜன் சென்சார்தான். தகவல் சொன்ன பாகத்தையே கழற்றிப் போட்டுவிட்டாய். குறியீடு வந்ததும் பாகம் வாங்குவது ஒரு பெரிய நோய். ஷோரூமிலும் உண்டு, தெருவோர ஷெட்டிலும் உண்டு.

அதே ஸ்கேனரில் லைவ் டேட்டா என்று ஒரு பக்கம் இருக்கும். கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணை அதில் பார். ஐட்லிங்கில் அது 15, 20 சதவீதம் என்று ஏறி நின்று, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் இறங்கிவிடுகிறதா? உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியானால், அந்தச் சென்சாரைத் தாண்டி எங்கோ ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கலாம். ஐட்லிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் ஓட்டை வழியாகத் திருட்டுத்தனமாக வருவது பெரிய பங்கு. வேகம் கூடினால் அந்தப் பங்கு சிறுத்துவிடும். நேர்மாறாக, லோடு ஏற ஏற எண்ணும் ஏறினால் பெட்ரோல் பம்ப்பையும் ஃபில்டரையும் பார், அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்சாரையும் பார். இன்னொன்று. நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் மாஸ் ஏர் ஃப்ளோ கிடையாது, மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்தே கணக்குப் போடும். அவற்றில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. உன் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் யார் சொன்ன வைத்தியத்தையும் செய்யாதே, நான் சொன்னதையும் சேர்த்துத்தான்.

அடுத்து, ஒரு மல்டிமீட்டர் வாங்கு. புது வண்டிகளின் பாதிப் பேய்க்கோளாறுகள் எர்த் கோளாறுகள். ஒரு லீடை பேட்டரி நெகட்டிவ் முனையில் வை, இன்னொன்றை இன்ஜின் பிளாக்கில் வெறும் உலோகம் தெரியும் இடத்தில் வை. யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் எங்கோ அடைப்பு. போல்ட் மேலே பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். கழற்றி வயர் முனையிலுள்ள லக்கைத் திருப்பிப் பார்த்தால், அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் தீர்ந்தது. இதற்கு ஒரு கம்ப்யூட்டரை மாற்றச் சொல்லி எஸ்டிமேட் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் டவுன்ஷிப் மரம் அடர்ந்த இடம் என்பதால் எலியையும் மறக்காதே. மழைக்காலத்தில் சூட்டுக்காக இன்ஜின் மேல் வந்து படுக்கும், வயரைக் கடிக்கும். குறியீடு வந்தால் ஸ்கேனருக்கு முன் டார்ச்சை எடு.

சில தொல்லைகளுக்குக் காரணம் யாருடைய சூழ்ச்சியும் அல்ல. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாடு வந்தது. டீசல் புகையின் கரித்தூளைப் பிடித்து வைக்க ஃபில்டர் வந்தது. அந்தக் கரி எரிந்து தீர ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும். வீட்டிலிருந்து லிங்கம்பள்ளி ஸ்டேஷனுக்கும் திரும்ப வீட்டுக்குமாக மட்டுமே ஓட்டினால் அந்தச் சூடு வராது, ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். டீசல் வண்டி வைத்திருக்கும் உன் நண்பனிடம் சொல்: அவ்வப்போது மும்பை ஹைவேயில் சங்காரெட்டியைத் தாண்டி ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வரட்டும். நம் பிள்ளைகள் மூச்சுவிடும் காற்றுக்காக வந்த பாகம் அது. அதைக் கழற்றி எறியச் சொல்லும் மெக்கானிக்கிடம் போகாதே.

என்னை உண்மையில் கோபப்படுத்துவது வேறு. உன் அப்பாவும் நானும் வேலை பார்த்த பெல் தொழிற்சாலை 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு எழுந்தது. மிஷின் மட்டும் வந்து டிராயிங் வராமல் இருந்திருந்தால் இங்கே ஒரு டர்பைன்கூட உருவாகியிருக்காது. இங்கிருந்து ஒரு மின் நிலையத்துக்கு டர்பைன் போகும்போதும் மேனுவல் கூடவே போகும். எந்த பேரிங்கில் எவ்வளவு கிளியரன்ஸ், எந்த போல்ட்டுக்கு எவ்வளவு டார்க், எந்த அளவில் டிரிப் ஆகும் என்று எல்லாம் அதில் இருக்கும். வாங்கியவன் பிரித்துப் பார்க்க உரிமை உள்ளவன் என்று அங்கே யாரும் வாதாட வேண்டியதில்லை. பல லட்சம் கொடுத்து கார் வாங்கியவனுக்குக் கிடைப்பது டயர் காற்றின் அளவும் ‘அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அணுகவும்’ என்ற வரியும் உள்ள சின்னப் புத்தகம். வயரிங் டயகிராம் இல்லை. பின் பிரேக் பேட் மாற்ற எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கை சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோக வேண்டிய வண்டிகளில், சரியான ஸ்கேனர் இல்லாமல் அதுவும் முடியாது. உன் கை சரியில்லை என்று நினைத்துக் குமைகிறாயே தம்பி, உன்னிடம் இல்லாதது தகவல்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் கொடுத்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. அசல் உதிரி பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு, அதை ஆணையம் ஏற்றது. வெளியே ரிப்பேர் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இலும் 2020இலும் மக்களே வாக்களித்து, கார் தகவல் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். நம் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அதன் பட்டியலில் வாகனமும் இருக்கிறது. ஆனால் உன் வாசலில் நிற்கும் வண்டிக்கு வயரிங் டயகிராம் இன்னும் வந்து சேரவில்லை.

எதைத் தொடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏர்பேக் இணைப்பு, ஹைப்ரிட் வண்டியில் ஆரஞ்சு நிற வயர், இரண்டும் வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதே, ஸ்டாண்டு போடு. பிரேக் வேலையை முதல் தடவை தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது செய். கோடிங், கேலிபரேஷன் வந்தால் நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் ஷெட்டில் கூலி கொடுத்துச் செய்துகொள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கழற்றுவதற்கு முன் போனில் படம் எடு. ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், அளந்த எண், செய்த வேலை என்று எழுதிவா.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை கவுன்டரில் பாகம் தர மறுத்தாலோ, வெளியே ஆயில் மாற்றினாய் என்று வாரண்டி இல்லை என்றாலோ, சண்டை போட்டுவிட்டு வந்துவிடாதே. அந்த மறுப்பை எழுத்தில் கேள். தராவிட்டால் நீயே அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதிப் போடு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய், புகார் எண்ணை அந்த நோட்டிலேயே குறித்துவை. ஷெட்டு வைத்திருக்கும் உன் நண்பர்களையும் செய்யச் சொல். வாயால் திட்டிய குறை எந்த ஃபைலிலும் ஏறாது.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா